பி.என்.ஆர். எண்ணை நம்புகிறோம், விண்ணப்ப எண்ணை ஏன் நம்புவதில்லை?

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பெரியவர் யாராவது ஒருவர் சொல்வார்: “ஆன்லைன்ல போட்டது சரி. எதுக்கும் ஒரு எட்டு நேர்ல போய் வி.ஏ.ஓ.வைப் பார்த்துட்டு வந்துடு.” அதே பெரியவர் நெல்லை எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியலில் 23-ஆம் இடத்தில் டிக்கெட் எடுத்திருந்தால், “எதுக்கும் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்துட்டு வா” என்று சொல்வதில்லை. பி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்ப்பார். 23 என்பது 14 ஆகியிருக்கும், மறுநாள் 6 ஆகும். இடம் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும் என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

இரண்டுமே அரசு தரும் சேவைதான். இரண்டிலும் கணினி இருக்கிறது, ஓர் எண் கொடுக்கிறார்கள், காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றை நம்புகிறோம், இன்னொன்றை நம்ப மறுக்கிறோம். டிஜிட்டல் சேவைகள் மூலம் மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று கருத்தரங்குகளில் பெரிய வார்த்தைகளில் பேசுகிறார்களே, அந்த விஷயத்தை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நம்பிக்கை என்றதும் அரசாங்கத்தைப் பிடித்திருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளும் கட்சிக்கு ஒரு நாளும் ஓட்டுப் போடாதவர்கூட ரேஷன் கடையிலிருந்து வரும் குறுஞ்செய்தியை நம்பலாம். இங்கே பேசுவது அந்த மாதிரியான நம்பிக்கை. நான் கொடுத்த மனு இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து என்ன நடக்கும், எனக்கு நடப்பதுதான் எல்லோருக்கும் நடக்கிறதா, தப்பாகிவிட்டால் யாரைக் கேட்பது? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் ஒருவர் நிம்மதியாக வீட்டில் இருப்பார். தெரியாவிட்டால் தெரிந்த ஆளைத் தேடிக் கிளம்புவார். ‘தெரிந்த ஆள்’ தேவைப்படாத சேவைதான் நம்பகமான சேவை என்று நான் அளவு வைத்துக்கொண்டிருக்கிறேன். இதைவிட எளிய அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

கவுன்டர் மாறியது, மேசை மாறவில்லை

ஆன்லைன் ஆகிவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மாறியிருப்பது முன்பக்கம் மட்டும். வருமானச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். முதலில் நமக்கு ஒரு கேன் நம்பர், அதாவது இந்தச் சேவைகளுக்கான அடையாள எண், உருவாக்குவார்கள். பிறகு விண்ணப்பத்தை நிரப்பி, ஆதார், ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். ஒப்புகைச் சீட்டு வரும். அங்கிருந்து விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரின் திரைக்குப் போகிறது. அவர் விசாரித்துப் பரிந்துரைத்தால் வருவாய் ஆய்வாளர். அவருக்கும் மேலே, சான்றிதழைப் பொறுத்து மண்டலத் துணை வட்டாட்சியரோ வட்டாட்சியரோ டிஜிட்டல் கையொப்பம் போட வேண்டும்.

கவனித்தால், காகிதக் காலத்தில் இருந்த அதே மேசைகள்தான், அதே வரிசையில். முன்பு கோப்பு கைமாறியது, இப்போது திரை மாறுகிறது. இதனால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு நாள் கூலியை இழந்து நிற்க வேண்டியதில்லை. முடிந்த சான்றிதழில் க்யூ.ஆர். குறியீடு இருப்பதால், அது அசலா என்று கல்லூரிக்காரர்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் நடுவில் என்ன நடக்கிறது என்பது முன்பு எப்படித் தெரியாமல் இருந்ததோ, பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரி மூன்றாம் நாளும் அதுதான், பதின்மூன்றாம் நாளும் அதுதான். அந்த அலுவலருக்கு முன்னால் எத்தனை மனு கிடக்கிறது, நம்முடையது எத்தனையாவது, எந்தத் தேதிக்குள் அவர் முடித்தாக வேண்டும் என்பது நமக்குத் தெரிவதில்லை. அந்த இருட்டில்தான் புரோக்கர் பிழைக்கிறார். பெரும்பாலான நேரங்களில் அவர் வேலையை வேகமாக முடித்துக் கொடுப்பதுகூட இல்லை. ‘உங்க ஃபைல் ஆர்.ஐ. கிட்ட இருக்கு, திங்கக்கிழமை வந்துடும்’ என்று சொல்கிறார். அந்தத் தகவலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ரயில்வே இந்த இருட்டை எப்போதோ எடுத்துவிட்டது. 1980களின் நடுப்பகுதியில் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. 2002-ல் இணையத்தில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு ரயில்வே உண்மையில் எதையும் கொடுக்கவில்லை. ‘இடம் இல்லை’ என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆனால் எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டது. இல்லை என்ற பதிலைக்கூட மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள், வரிசை கண்ணுக்குத் தெரிந்தால். தட்கலில் அந்த நம்பிக்கை ஏன் ஆட்டம் கண்டது என்பதும் இதிலிருந்தே புரியும். காலை பத்து மணிக்குத் திறந்த உடனே எல்லா இடமும் போய்விடும்போது, நம் முன்னால் வரிசையில் நின்றது யார் என்று தெரிவதில்லை. மனிதர்களா, ஏஜென்டுகளின் மென்பொருளா? 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இந்தச் சந்தேகம்தான்.

விவசாயியைப் பார்த்துத் திரும்பிய திரை

வரிசையைக் கண்ணில் காட்டுவதை நிலப் பதிவில் செய்து பார்த்த இடம் நம் பக்கத்து மாநிலம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடகம் ‘பூமி’ என்ற பெயரில் சுமார் 2 கோடி நிலப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றியது. அதற்கு முன்பு அந்தப் பதிவேடுகள் கிட்டத்தட்ட 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்தன. பயிர்க் கடனுக்கு பஹணி (நிலம், பயிர் விவரப் பதிவு) நகல் வேண்டுமென்றால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் ஊரில் இருக்க வேண்டும், மனம் வைக்க வேண்டும், அப்புறம் அவர் கையில் ஏதாவது வைக்க வேண்டும். பூமி வந்த பிறகு தாலுகா கவுன்டரில் 15 ரூபாய் கட்டினால் நகல் கையில் வந்தது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்று சின்ன ஏற்பாடுகள். கவுன்டரில் ஊழியருக்கு ஒரு திரை இருந்தது போல, வெளியே நிற்கும் விவசாயியைப் பார்த்து இன்னொரு திரை வைத்தார்கள். ஊழியர் தட்டுவது அவருக்கும் தெரியும். இரண்டாவது, பட்டா மாறுதல் மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க முடியும். பதினேழாவது மனுவைத் தாண்டி இருபதாவதைத் திறக்க மென்பொருள் விடாது. ‘முன்னாடி எடுத்துத் தரேன்’ என்று சொல்லிக் காசு வாங்க வழியில்லை. மூன்றாவது, பதிவைத் திருத்துகிற அலுவலர் கைரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு ‘என் பாஸ்வேர்டை யாரோ எடுத்துப் போட்டுட்டாங்க’ என்று சொல்ல முடியாது.

பெங்களூரின் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற ஆய்வு அமைப்பு பிறகு எடுத்த மதிப்பீட்டில், பழைய முறையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் லஞ்சம் கொடுத்ததாகவும், பூமி கவுன்டரில் அது 3 சதவீதம்தான் என்றும் வந்தது. இந்த எண்ணைப் பார்த்து ஊழலே ஒழிந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நகல் வாங்கும் இடம் சுத்தமானது, அவ்வளவுதான். நிலத்தைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை இன்னும் மனிதர் கையில்தான். சர்வேயர் டேப்பைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு வரும் நாள் எது என்பதை எந்தத் திரையும் விவசாயிக்குக் காட்டவில்லை. இருட்டு மிச்சம் இருக்கிற இடத்துக்குக் காசு நகர்ந்துபோகும். எந்த டிஜிட்டல் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும், எந்த இடத்தை வெளிச்சமாக்கினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

அதே கர்நாடகம் 2011-ல் இன்னொரு படி போய், சேவை உத்தரவாதச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ‘சகாலா’ என்று அழைக்கிறார்கள். ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை வேலை நாள் என்று வரையறை. மனு கொடுத்ததும் ஓர் எண். நாள் தாண்டினால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு. 20 ரூபாயை வைத்து என்ன செய்வது என்று சிரிக்கலாம். ஆனால் அந்தத் தொகை தாமதித்தவரின் பொறுப்பில் வந்து விழும்போது, ‘லேட்டாச்சு’ என்பது அவர் பெயரில் ஒரு பதிவாகிவிடுகிறது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றியது மத்தியப் பிரதேசம், 2010-ல். பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

நிராகரிக்கிறோம், காரணம் இது

இப்போது கொஞ்சம் கடினமான பகுதிக்கு வருவோம். கேட்டதைக் கொடுத்துவிட்டால் நம்பிக்கை தானாக வரும். ஒரு சேவையின் தரம் தெரிவது அது ‘முடியாது’ என்று சொல்லும்போதுதான்.

தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. மாதம் 1,000 ரூபாய் பெறத் தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். அப்படியென்றால் 56 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ‘உங்களுக்கு இல்லை’ என்று சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பணம் வந்து நமக்கு வராத நாளில் ஒரு தெரு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘அவ கட்சிக்காரன் பொண்டாட்டி, அதான்’ என்ற பேச்சு எவ்வளவு சுலபமாகக் கிளம்பும்!

தகுதி விதிகள் முன்கூட்டியே வெளிப்படையாக இருந்தன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது என்பது போல. இவற்றை மின்வாரியம், போக்குவரத்துத் துறை போன்றவை வைத்திருக்கும் தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பணம் போடுவதற்கு முன் கணக்கு சரியா என்று பார்க்க 1 ரூபாய் அனுப்பியும் பார்த்தார்கள். பிறகு நிராகரிக்கப்பட்டவர்களுக்கு, என்ன காரணம் என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஏற்கவில்லையென்றால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள். நவம்பரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த வாரங்களில் இ-சேவை மையங்களில் நெரிசல், கோபம், குழப்பம் எல்லாம் இருந்தன. ஆனால் காரணத்தோடு ஒரு பதில் வந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும். ‘உங்கள் குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் உள்ளது’ என்று செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பழைய வேனை விற்று வருஷக்கணக்காகிறது, ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. இப்போது அந்த அம்மாவுக்குப் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது. திட்ட வேண்டிய ஆள் அரசு அல்ல, பெயர் மாற்றாமல் விட்ட வீட்டுக்காரர். காரணம் சொல்லாமல் ‘தகுதியற்றவர்’ என்று மட்டும் வந்திருந்தால் அவர் கடைசிவரை கவுன்சிலர் மீதுதான் சந்தேகப்பட்டிருப்பார்.

ஆனால் எல்லாக் காரணமும் காரணம் ஆகிவிடாது. ‘உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை’ என்று ஒரு வரி வருமே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். எந்த ஆவணம்? இணைக்கவே இல்லையா, இணைத்தது மங்கலாக இருக்கிறதா, தேதி கடந்ததா? தளம் 200 கே.பி.க்குள் சுருக்கச் சொல்லும். சுருக்கினால் எழுத்து கரைந்துவிடும். கரைந்த எழுத்தைப் பார்த்து அலுவலர் திருப்பி அனுப்புவார். ‘ரேஷன் கார்டின் இரண்டாம் பக்கம் தெளிவாக இல்லை, அதை மட்டும் மீண்டும் ஏற்றவும்’ என்று எழுத ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷத்தைச் சேமித்தால் மனுதாரர் ஒரு நாள் வேலையை இழப்பார், மறுபடி கட்டணம் கட்டுவார், அப்புறம் ‘நேர்ல போய்ப் பார்த்துட்டு வா’ என்ற அறிவுரைக்கே திரும்புவார்.

கணினி தப்புச் சொன்னால்

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணக்கார நாடு, நல்ல கணினிகள், படித்த அதிகாரிகள். அப்படியிருந்தும் ஒரு டிஜிட்டல் திட்டம் மக்களின் நம்பிக்கையை எப்படி நொறுக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை இல்லை.

அங்கே வேலை இல்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரசு உதவித்தொகை கொடுக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் என்ன சம்பாதித்தோம் என்று அவர்கள் தெரிவிக்க வேண்டும். அதிகம் சம்பாதித்தால் உதவி குறையும். 2015-ல் சிறிய அளவில் தொடங்கி 2016-ல் முழுவீச்சில் வந்த ஒரு தானியங்கி முறை, வருமான வரித் துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, 26 சம பங்காக வகுத்து, இவர்கள் தெரிவித்த கணக்கோடு ஒப்பிட்டது. மக்கள் இதற்கு ‘ரோபோடெட்’ என்று பெயர் வைத்தார்கள். கடன் வசூலிக்கும் இயந்திரம் என்ற கேலி.

கணக்கில் என்ன கோளாறு? ஒரு மாணவி முதல் ஆறு மாதம், அதாவது 13 இரு வாரங்கள், தலா 2,000 டாலர் சம்பாதித்தாள் என்போம். மொத்தம் 26,000. அடுத்த ஆறு மாதம் வேலை இல்லை, அப்போதுதான் உதவித்தொகை வாங்கினாள். நியாயமாகவே வாங்கினாள். இயந்திரமோ 26,000-ஐ 26-ஆல் வகுத்து, ‘நீ வருஷம் முழுக்க ஒவ்வொரு இரு வாரமும் 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறாய், ஆனால் பூஜ்யம் என்று பொய் சொல்லி உதவி வாங்கினாய். வாங்கியதைத் திருப்பிக் கட்டு’ என்று கடிதம் அனுப்பியது. மறுப்பதென்றால் பல வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளை அவள்தான் தேடி எடுத்துக் காட்ட வேண்டும். மூடிப்போன ஹோட்டலிடம் போய்ச் சம்பளச் சீட்டு கேட்பது எப்படி?

லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படிக் கடிதங்கள் போயின. பயந்து கட்டியவர்கள் ஏராளம். 2019-ல் நீதிமன்றத்தில் அந்தக் கணக்கீடு சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. 2020-ல் சுமார் 4,70,000 கடன்களுக்காக 72 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். அரசு அமைத்த உயர்மட்ட விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது.

சராசரி போடுவது தப்பு என்று பள்ளி மாணவனுக்கே தெரியும். அதிகாரிகளுக்குத் தெரியாமல் போயிருக்காது. கணினி சொல்வது சரி, தவறு என்றால் நீ நிரூபி என்று சுமையைக் குடிமகன் தலையில் மாற்றி வைத்தார்களே, அங்கேதான் விஷயம் கெட்டது. பிரிட்டனில் அஞ்சல் துறையின் ‘ஹொரைசன்’ கணக்கு மென்பொருளால் நடந்ததும் இதே வகைதான், இன்னும் கொடூரமாக. மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். புகார் சொன்ன பலரிடம் ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’ என்று சொல்லப்பட்டது. 2024-ல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது.

நம்மூர் அளவில் இது ரேஷன் கடையின் கைரேகைக் கருவி. வயதானவர்களுக்கும், வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களுக்கும் கருவி ‘பொருந்தவில்லை’ என்று காட்டும். அந்த நேரத்தில் கடைக்காரருக்கு வேறு வழி கொடுக்கப்பட்டிருக்கிறதா? கண் கருவிழி, ஓ.டி.பி., அதுவும் இல்லாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து? இருந்தால் பாட்டி அரிசியோடு வீடு திரும்புவார். எல்லாம் கச்சிதமாக ஓடும் நாளைப் பார்த்து ஒரு சேவையை எடை போடக் கூடாது, கருவி மக்கர் பண்ணும் நாளில் பார்க்க வேண்டும்.

என் விவரத்தை யார் பார்த்தார்கள்?

நம்பிக்கையில் இன்னொரு பாதி இருக்கிறது. நாம் அரசைப் பார்ப்பது ஒரு பக்கம், அரசு நம்மைப் பார்ப்பது மறுபக்கம். ஆதார், ரேஷன், நிலம், மின்சாரம், மருத்துவம் எல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் யாரோ ஓர் ஊழியர் வெறும் ஆர்வத்தில் என் வீட்டு விவரத்தைத் திறந்து பார்த்தால்?

இதற்கு எஸ்டோனியா சொன்ன பதில் எனக்கு அழகாகத் தோன்றுகிறது. மொத்தம் 13 லட்சம் சொச்சம் மக்கள்தொகை கொண்ட நாடு. 1991-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டபோது கையில் பணமில்லை. 2001-ல் ‘எக்ஸ்-ரோடு’ என்ற இணைப்பு அமைப்பைக் கட்டினார்கள். எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு துறையும் தன்னுடையதைத் தானே வைத்திருக்கும், தேவைப்படும்போது மற்ற துறை கேட்டு வாங்கும். ஒரு தடவை அரசிடம் கொடுத்த விவரத்தை மறுபடி கேட்கக் கூடாது என்பது கொள்கை. ஒரே ஆதார் நகலை ஒவ்வொரு கவுன்டரிலும் கொடுத்துக் கொடுத்துச் சலித்த நமக்கு இது சொர்க்கம் மாதிரி கேட்கும்.

அதைவிட முக்கியம், குடிமகன் தன் அடையாள அட்டையோடு அரசுத் தளத்துக்குள் போனால், தன் விவரங்களை எந்த அலுவலகம் எப்போது எடுத்துப் பார்த்தது என்ற பட்டியலைப் பார்க்கலாம். எல்லாத் தரவுத்தளமும் அதில் வந்துவிடவில்லை, ஆனால் முக்கியமான பல வந்துவிட்டன. சம்பந்தமில்லாத ஓர் இடத்தின் பெயர் இருந்தால் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லியாக வேண்டும். பார்ப்பவர் தானும் பார்க்கப்படுகிறார் என்ற நிலை. கர்நாடகத்தில் விவசாயியைப் பார்த்துத் திருப்பி வைத்த திரையின் பெரிய வடிவம்தான் இது.

2017-ல் அந்த நாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. அடையாள அட்டைகளில் இருந்த சில்லில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சுமார் 7.5 லட்சம் அட்டைகள், அதாவது நாட்டின் பாதிக்கும் மேற்பட்டவர்களின் அட்டை. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வேறு, அதில் இணையம் வழியாகவும் ஓட்டுப் போடுவார்கள். யாரும் அந்த ஓட்டை வழியாக நுழைந்ததாகத் தெரியவில்லை. நினைத்திருந்தால் மூடி மறைத்திருக்கலாம். செப்டம்பர் தொடக்கத்தில் அரசே பிரதமரை முன்னிறுத்திப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. நவம்பரில் பழைய சான்றுகளை முடக்கி, அட்டைகளை மக்கள் புதுப்பித்துக்கொள்ள வழி செய்தது. இது நம்பிக்கையைக் குலைத்ததா? 2023 நாடாளுமன்றத் தேர்தலில் விழுந்த ஓட்டுகளில் பாதிக்கு மேல் இணையம் வழியாக வந்தவை. நம்மூரில் ஒரு தளம் இரண்டு நாள் படுத்துவிட்டால் ‘பராமரிப்புப் பணி’ என்று ஒரு வரி போடுவதற்கே யோசிக்கிறார்கள்.

மற்றவர் போனுக்குப் போகும் செய்தி

கடைசியாக, தொழில்நுட்பக் கூட்டங்களில் யாரும் பேசாத ஒன்று. நம்மூரில் பெரும்பாலானவர்கள் அரசுத் தளத்தைத் தாங்களே திறப்பதில்லை. இ-சேவை மையத்திலோ, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரிலோ அமர்ந்திருக்கும் தம்பியோ தங்கச்சியோதான் அவர்களுக்கு அரசு. அது தவறில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு மனிதர் உதவுவதுதான் நியாயம். உரிமைத் தொகைக்கான முகாம்களில்கூட இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள்தான் உட்கார்ந்து பதிவு செய்தார்கள்.

சிக்கல் வருவது போன் நம்பரில். அவசரத்துக்கு ஓ.டி.பி. வர வேண்டும், அம்மாவின் போன் வீட்டில் இருக்கிறது, அல்லது ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது. ‘பரவாயில்லம்மா, என் நம்பரைப் போட்டுக்கறேன்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் ஒப்புதல், நிராகரிப்புக் காரணம், மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி எல்லாம் நூற்றுக்கணக்கான மற்றச் செய்திகளோடு அந்தத் தம்பியின் போனில் போய் விழும். மேலே நான் புகழ்ந்த அத்தனை ஏற்பாடும் இந்த ஓர் இடத்தில் அறுந்துபோகும். அரசு காரணம் சொன்னது, ஆனால் கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை.

இதைச் சரிசெய்ய வேண்டியது தளத்தை வடிவமைப்பவர்கள். ஒரே எண் நூறு மனுக்களில் இருந்தால் மென்பொருளே எச்சரிக்கலாம். போன் இல்லாதவருக்கு அஞ்சலட்டை போகலாம், கிராமப் பஞ்சாயத்துப் பலகையில் மனு எண்ணும் நிலையும் ஒட்டலாம். அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கவுன்டரை விட்டு எழுந்திருக்கும் முன் ஒப்புகைச் சீட்டில் அச்சான போன் நம்பர் நம்முடையதா அல்லது நம் வீட்டில் யாருடையதாவதா என்று பார்த்துவிட வேண்டும். விண்ணப்ப எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்பினால் எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. அப்படியும் அசையாவிட்டால் 1100 என்ற முதலமைச்சரின் உதவி எண் இருக்கிறது. அதில் புகார் சொன்னால் அதற்கும் ஓர் எண் தருவார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கால வரம்பு தாண்டிய மனுவாக இருந்தால், அது எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பல அலுவலகங்களில் அந்த மனு உள்ளே போனதுமே கிடப்பில் கிடந்த சான்றிதழ் வெளியே வந்துவிடும்.